நார்பர்ட் போட்ட பாதிக் கூரை

டெட்ராய்ட்டை ஒட்டிய எங்கள் ஹாம்ட்ராம்க் ஊரில் நார்பர்ட் கைடாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் காருக்குக் கூரை போட்டவர் என்று தெரியாதவர்கள் இருக்க முடியாது, ஏனென்றால் அவரே சொல்லியிருப்பார். முடிவெட்டும் கடையில் சொல்வார். வெள்ளிக்கிழமை மாதாகோவில் கூடத்தில் மீன் பொரிக்கும்போது சொல்வார். பல் பிடுங்கப் போனால் மருத்துவர் ஊசி போட்டு வாய் மரத்துப்போகும் வரைக்கும் அவரிடமும் சொல்வார்.

"ரோட்டுல மடக்குக் கூரை வண்டி எது போனாலும் நின்னு பாரு. அதுக்கு டாப் போட்டது இந்தக் கை. ஒண்ணு ரெண்டு இல்ல, ஆயிரக்கணக்குல."

இதில் பொய் எதுவும் கிடையாது. கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். டெட்ராய்ட் பக்கம் கார் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பாக்கி தானாகவே புரியும். லைன் நகர்ந்துகொண்டே இருக்கும், வண்டி வரும், வண்டிக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள், அந்தப் பக்கம் ஓர் ஆள். அவரவர் பக்கத்தை முடித்து நிமிர்ந்தால் அடுத்த வண்டி வந்து நிற்கும். நார்பர்ட் நின்றது இடது பக்கம். ஆயிரக்கணக்கான கூரைகளின் இடது பாதியைத்தான் அந்தக் கை போட்டது. மடக்குக் கூரை வண்டிகள் விற்காமல் போனபோது அவரைக் கதவு மாட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் இடது கதவு. இடதுசாரி என்று யாராவது அவரைச் சொன்னால் தொழிற்சங்கத்துக்காரர்களே சிரிப்பார்கள், ஆனால் ரிடையராகும் வரை அவர் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

வலது பக்கம் நின்றவர் ஆல்வின் பெட்வே. அலபாமாவிலிருந்து வந்த குடும்பம், டெட்ராய்ட்டின் கிழக்கில் வீடு, நல்ல உயரம், அதைவிட நல்ல வாய். சாப்பாட்டு நேரத்தில் நார்பர்ட் சீட்டாட உட்கார்ந்தால், ஆல்வின் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே லைனைச் சுற்றி வருவார். முன்னால் நிற்பவர் என்ன செய்கிறார், பின்னால் நிற்பவர் எதை இறுக்குகிறார், எல்லாவற்றையும் பார்ப்பார். நார்பர்ட்டுக்கு அது வேடிக்கையாக இருக்கும். "ஒரு சம்பளத்துக்கு நாலு பேர் வேலை பழகுறியாடா?" என்று சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்பார். ஆல்வின் பிற்பாடு சொந்தமாகக் குஷன் கடை போட்டார். பழைய வண்டிக்குக் கூரை, சீட்டு எல்லாம் செய்வார். இப்போது அவரிடம் வண்டி விட ஆட்கள் காத்திருக்கிறார்கள். நார்பர்ட்டுக்குச் சீட்டு மட்டும் நன்றாக ஆட வரும்.

இனி வண்டி. அது நார்பர்ட்டுடையது இல்லை. அவர் மனைவி பெர்னடீன் கல்யாணத்துக்கு முன்னால் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் புத்தம்புதிதாக வாங்கியது. வெளிர் மஞ்சள், கறுப்புக் கூரை, முன்னால் ஒரே நீள சீட்டு. நார்பர்ட்டின் ஆலையிலிருந்து வந்த வண்டிதான். கல்யாணமான மறுநாளே சாவி நார்பர்ட்டின் சட்டைப் பைக்குப் போய்விட்டது. யாரும் பிடுங்கவில்லை, அந்தக் காலத்தில் அப்படித்தான் போகும். புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பெண்டாட்டி ஓட்டினால், அவருக்குக் கண் தெரியாதோ என்று தெருவில் விசாரிப்பார்கள். எங்கள் ஊர் வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம். அன்றிலிருந்து பெர்னடீன் தன் காரில் வலது பக்கத்துப் பயணி.

அந்த வசந்தத்தில் கூரை கிழிந்தது. பழைய ரெக்சின் தானே, எத்தனை பனிக்காலம்தான் தாங்கும்? பின் கண்ணாடிக்கு மேலே ஒரு பிளவு. அதன் வழியாக அணில் ஒன்று வந்து சீட்டில் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. அந்த வருடம் ஜூனில் பெர்னடீன் பள்ளிக்கூடச் சமையல் வேலையிலிருந்து ரிடையராகிறார். அவருக்கு ஒரே ஓர் ஆசை. மாநில வரைபடமே விரித்த கை வடிவத்தில் இருப்பதால் எங்கள் மிச்சிகன்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல வலது உள்ளங்கையை விரித்து வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் நம் ஊரிலிருந்து மேலே கோடு இழுத்து, நடுவிரல் நுனியையும் தாண்டிக் காற்றில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"பெரிய பாலத்தைத் தாண்டி, வடக்க. வாண்டா வீட்டுக்கு. என் வண்டியில."

வாண்டா அவருடைய தங்கை. பாலத்துக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் ஒரு மரவீடு வைத்திருக்கிறார். ஜூனில் ஒரு வேலையாக இங்கே வந்து ஒரு வாரம் தங்கப்போகிற வாண்டாவின் கணவர் டெல்மர், அந்தச் சனிக்கிழமை திரும்பிப் போகும்போது இருவரையும் தன் புதுக் காரில் கூட்டிப்போகத் தயாராக இருந்தார். போன் போட்டே சொல்லிவிட்டார். "சகலை, கவலைப்படாதே. என் வண்டியில கப் வைக்க ஆறு ஓட்டை இருக்கு. கூரையில ஒரு ஓட்டை கிடையாது." டெல்மர் வண்டியில் போவதென்றால் வழி முழுக்க ஒரு கேலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் என்று அவர் அளப்பதைக் கேட்டுக்கொண்டு போகவேண்டும். பெர்னடீன் முடிவைச் சொல்லிவிட்டார்: அந்தச் சனிக்கிழமைக்குள் கூரை நல்லபடி ஆனால் தன் வண்டி, ஆகாவிட்டால் டெல்மர் வண்டி. சொல்லும்போது முகம் வாடியதை நார்பர்ட் கவனித்தார். கவனித்ததும் அவருக்கு வீரம் வந்துவிட்டது.

"ஆல்வின்கிட்ட விட்டுடலாம் நார்ப். நமக்குன்னா முன்னாடியே செஞ்சு குடுப்பாரு."

"ஆல்வின்கிட்டயா? எதுக்கு? நான் உயிரோடதான இருக்கேன்?"

"நீ டாப் போட்டு எவ்ளோ வருஷமாச்சு?"

"நீச்சல் மறந்துபோகுமா பெர்னி? தூக்கத்துல எழுப்பி விடு, போடறேன்."

"தூக்கத்துல வேணாம். முழிச்சுகிட்டே போடு. நல்லா வந்தா சந்தோஷம்."

இரண்டு வாரம் கழித்துத் தபாலில் கூரை வந்தது. மடித்து வைத்த ரெக்சின், பின் கண்ணாடி, பட்டைகள், கூடவே எப்படிப் போடுவது என்று படம் போட்ட ஒரு தாள். நார்பர்ட் அந்தத் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பசை டப்பாவுக்கு அடியில் விரித்தார். டாக்டர் போய் சளிக்கு வைத்தியம் படிப்பாரா என்ன?

டெல்மர் ஊருக்கு வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, காலையில் நல்ல வெயில். வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளி, ரெக்சினை வெயிலில் போட்டு இளக வைத்து, சட்டத்தின் மேல் விரித்தார். நேரே இடது பக்கம் போய் நின்றார். அதற்கப்புறம் நடந்ததை அவர் குறைத்துச் சொன்னதே இல்லை, நானும் குறைக்கப் போவதில்லை. கை தானாக ஓடியது. இழு, மடி, பின் அடி. இழு, மடி, பின் அடி. ஓரத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. ஜன்னலுக்கு மேலே கோடு கிழித்த மாதிரி உட்கார்ந்தது. சீட்டியடித்துக்கொண்டே செய்தார். முடித்தபின் பார்த்தால் இடது ஓரத்தில் விரல் அகலத்துக்குத் துணி மிச்சம் நின்றது. "தாராளமாத்தான் வெட்டியிருக்கானுங்க" என்று பாராட்டிவிட்டு அதை நறுக்கினார். வீணாக்க மனம் வராமல், பின்னால் சாய்ந்து கிடந்த தக்காளிச் செடிகளை அந்தத் துண்டால் குச்சியோடு சேர்த்துக் கட்டினார்.

பெர்னடீனைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து இடது பக்கம் நிறுத்தினார்.

"எப்படி?"

"அடேயப்பா! கடையில போட்ட மாதிரியே இருக்கு."

"கடையில போடறவன் என்கிட்ட கத்துக்கணும்."

பெர்னடீன் சுற்றி வரக் கால் எடுத்தார். "அந்தப் பக்கம் இன்னும் ஆகல, சாயங்காலம் பாரு" என்று நார்பர்ட் அவரை உள்ளே அனுப்பிவிட்டார்.

பிறகு வலது பக்கம் வந்தார். வந்து நின்றதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டி திரும்பி நின்றுகொண்டதுபோல் இருந்தது. இழுக்கவேண்டிய கையில் ஸ்டேப்ளர் இருந்தது, ஸ்டேப்ளர் பிடிக்கவேண்டிய கை சும்மா காற்றில் துழாவியது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அடுத்தவன் சட்டைக்குப் பொத்தான் போடுவதுபோல ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செய்யவேண்டியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. துணி எட்டவில்லை. முழங்காலைக் கதவில் முட்டுக் கொடுத்து இழுத்தார். முன் மூலைக்கு எட்டினால் பின் மூலை ஏமாற்றியது, பின் மூலைக்கு எட்டினால் நடுவில் குறுக்காக ஒரு சுருக்கம் ஓடியது. இடது பக்கத்தின் அளவு சரி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே வலது பக்கத்தில் கார்தான் பெரிதாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். இருக்கிற பின்னையெல்லாம் அடித்தார். இருக்கிற பசையையெல்லாம் பூசினார். "ரெக்சின்தானே, பழகினா இறங்கிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கை கழுவினார்.

அன்று மாலை மாதாகோவில் கூடத்தில் பெர்னடீனுக்குப் பிரிவுபசார விருந்து. பார்லருக்குப் போய்த் தலையை அலை அலையாகச் சுருட்டிக்கொண்டு, நீல உடையில் தயாராக நின்றார். நார்பர்ட் சும்மா கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவருக்கு அது போதவில்லை. புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் சுழல் குழாயைக் காருக்குப் பக்கத்தில் நட்டுவைத்து, வலது கதவைத் திறந்து, மகாராணியை ஏற்றுவதுபோல் மனைவியை ஏற்றினார்.

"தலை சுருட்டியிருக்கேன் நார்ப்."

"ஒரு சொட்டு விழாது. விழுந்தா என்னைக் கேளு."

குழாயைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். தண்ணீர் சுழன்று வந்து கூரையில் படபடவென்று விழுந்தது. நார்பர்ட் மேலே பார்த்தார். காய்ந்த கூரை. அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

"கேக்குதா? மேல அவ்ளோ மழை, உள்ள வந்து நம்மளை ஒண்ணும் பண்ணல பாரு. இதான் கை வேலைங்கறது."

பெருமையோடு மனைவி பக்கம் திரும்பினார். பெர்னடீன் கைகளை மடியில் கோத்து நேராக உட்கார்ந்திருந்தார். வலது ஓரத்திலிருந்து தண்ணீர் கயிறுபோல இறங்கி அவர் தலையில் விழுந்து, அலை அலையான முடியைக் கலைத்து, காது வழியாக நீல உடைக்குள் போய்க்கொண்டிருந்தது. சுழல் குழாய் அந்தப் பக்கம் வரும்போது விழும், போய்விட்டால் நிற்கும், மறுபடி வரும்.

"நார்பர்ட்," என்றார் பெர்னடீன். முழுப் பெயர். "ஃபேக்டரியில நீ எந்தப் பக்கம் நிப்ப?"

"இடது," என்றார் நார்பர்ட்.

"இடது மட்டுமா?"

"இடதுன்னா... லைன்ல அப்படித்தான் பெர்னி. ஆளுக்கு ஒரு பக்கம்."

"அப்ப வலது?"

"ஆல்வின்."

பெர்னடீன் கண்ணில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தார். "ஓஹோ. இத்தனை வருஷமா நான் உக்கார்ற பக்கத்துக்கு ஆல்வின் போட்ட கூரை. அதான் நனையாம இருந்திருக்கேன்." கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர் திரும்பிப் பார்த்தார். "உனக்குக் கூரை போட்டுகிட்ட. எனக்கு மழை போட்டுட்ட. நல்லா இருப்பா."

விருந்துக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் போனார். எல்லோரும் காரணம் கேட்டார்கள். நார்பர்ட்டைக் காட்டிக்கொடுக்காமல் புதுப் பாணி என்று சொல்லிச் சமாளித்தார். அதுதான் நார்பர்ட்டுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அன்று கேக் சாப்பிடும்போது டெல்மர் வந்து தோளில் தட்டி, "அப்ப சனிக்கிழமை காலையில வந்துடறேன் சகலை" என்றார். நார்பர்ட் கேக்கைத் தட்டோடு கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை ஆல்வின் கடைக்குப் போனார். கடைக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கலாமா திரும்பிவிடலாமா என்று உட்கார்ந்திருந்தார். கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"டேய் லெஃப்ட்டு! அங்கயே உக்காந்து அடைகாக்கப் போறியா? உள்ள வா!"

லைனில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சத்தத்தில் கேட்காது. லெஃப்ட்டு, ரைட்டு, அவ்வளவுதான். நார்பர்ட் உள்ளே போனார். ஆல்வின் ஒரு பழைய சீட்டைக் கவிழ்த்துப்போட்டு ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. வாய் அப்படியே இருந்தது.

"கூரை போட்டியாமே?"

"யார் சொன்னது?"

"பெர்னடீன் காலையிலயே போன் பண்ணிட்டாங்க. 'ஒரு ஆள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுகிட்டு வருவாரு, சிரிச்சுடாதீங்க'ன்னாங்க. பாரு, சிரிக்கல." சொல்லி முடித்ததும் கடை அதிரச் சிரித்தார். "சரி சொல்லு. எப்படி வந்திருக்கு?"

"இடது பக்கம் ரைட்டு."

"அது தெரியும். ரைட் பக்கம்?"

"அதுதான் ரைட்டா இல்ல."

வியாழக்கிழமை ஆல்வின் வந்தார். பெர்னடீன் அவருக்கு உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டையை வெண்ணெயில் வதக்கித் தட்டு நிறைய வைத்தார். நார்பர்ட்டுக்கும் வைத்தார், எண்ணி. சாப்பிட்டுவிட்டு ஆல்வின் காரை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வந்தார். இடது பக்கம் நின்று தடவிப் பார்த்தார்.

"அடடா. இன்னும் உன் கை போகலப்பா. ஒரு சுருக்கம் இல்ல."

நார்பர்ட் சமையலறை ஜன்னல் பக்கம் பார்த்தார், பெர்னடீன் காதில் விழுந்ததா என்று.

"முதல்ல இதைப் பிரி," என்றார் ஆல்வின்.

"எதை? அந்தப் பக்கம்தானே கோளாறு?"

"அந்தப் பக்கம் வலி. கோளாறு இங்க. சட்டத்துல நடுக்கோடு எங்க?"

"எந்த நடுக்கோடு?"

"சட்டத்துக்கு நடுவுல ஒரு கோடு. துணிக்கு நடுவுல ஒரு சின்ன வெட்டு. ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்து, நடுவுல பின் அடிச்சுட்டுத்தான் ரெண்டு பக்கமும் இழுக்கணும்."

"அதெல்லாம் அடிச்சுதானே வரும் நம்மகிட்ட?"

"அடிச்சது யாரு? வானத்துலேருந்து தேவதை இறங்கி வந்து அடிச்சுதா? நமக்கு முன்னாடி குட்டையா ஒருத்தர் நிப்பாரே, வாயில எப்பவும் பல்குச்சியோட? அவரு வேலையே அதுதான்."

நார்பர்ட் யோசித்தார். வருடக்கணக்காக அந்த ஆளின் முதுகைப் பார்த்திருக்கிறார். அந்த முதுகு என்ன செய்தது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"நீ நேரா இடது ஓரத்துலேருந்து ஆரம்பிச்சிருக்க. துணி பூரா உன் பக்கம் நகர்ந்திருக்கு. உன் பக்கம் ஏன் இவ்ளோ அழகா இருக்குன்னா, அந்தப் பக்கத்துக்குச் சேர வேண்டியதையும் நீயே இழுத்துகிட்ட. அப்பறம் ஓரத்துல கொஞ்சம் மிச்சம் வந்திருக்குமே, அது எங்க?"

நார்பர்ட் தோட்டத்துப் பக்கம் கையை நீட்டினார். ஆல்வின் தக்காளிச் செடிகள் பக்கம் நடந்து போனார். குனிந்து பார்த்தார். வெகுநேரம் அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.

"நல்லாத்தான் கட்டியிருக்க. அமெரிக்காவுலயே மழைக்கு அசையாத தக்காளி," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆனால் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. புதுத் துணி வரவழைக்க இரண்டு வாரமாகும். சனிக்கிழமைக்கு இருப்பதை வைத்துத்தான் போட்டாகவேண்டும்.

"போடலாம். பார்க்க நல்லாவே இருக்கும். ஆனா நீ வெட்டின அளவுக்குத் துணி குறையுது. எப்படி இழுத்தாலும் ஒரு பக்கத்து ஓரம் சரியா மூடாது. பெரிய மழை வந்தா சொட்டும். எந்தப் பக்கம் சொட்டட்டும், நீயே சொல்லு."

"ஆளுக்குப் பாதியா வச்சா?"

"ரெண்டு பேரும் நனைவீங்க. ஜோடியா நல்லாத்தான் இருக்கும்."

நார்பர்ட் காரைப் பார்த்தார். வலது சீட்டின் துணியில் ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாக ஒரு கறை படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இடது," என்றார்.

"இடதா? அது நீ ஓட்டுற பக்கம்."

"தெரியும். பிரி."

தன் பின்களைத் தானே பிடுங்கினார். ஒவ்வொன்றும் பல் பிடுங்குவதுபோல் வலித்தது. இந்த முறை மரத்துப்போக ஊசியும் இல்லை. ஆல்வின் நடுக்கோட்டைத் தேடி, துணியை வலது பக்கம் நகர்த்தி, நடுவில் பின் அடித்தார். பிறகு அவர் வலது பக்கம் போய் நின்றார், நார்பர்ட் இடது பக்கம் நின்றார். இருவரும் இழுத்தார்கள். யாரும் எண்ணவில்லை, யாரும் 'இப்போ' என்று சொல்லவில்லை. துணி தட்டுப்போல விரிந்தது. எதிரே கூரைக்கு மேல் அதே நெற்றி, அதே புருவம், இப்போது வெள்ளையாக. நார்பர்ட்டுக்கு ஒரே சந்தோஷம். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, ஆரம்பத்திலேயே இவருக்குப் போன் செய்திருக்கலாமே என்று.

ஆல்வின் கிளம்பும்போது நார்பர்ட் அவரைத் தனியாக இழுத்துப்போய், "எந்தப் பக்கம் சொட்டும்னு பெர்னிகிட்ட சொல்லாதே," என்றார்.

"ஏன்?"

"சும்மா."

சும்மா இல்லை. நார்பர்ட் மனதுக்குள் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் மழை கொட்டுகிறது. அவர் ஒரு சொல்கூடச் சொல்லாமல் நனைந்தபடி ஓட்டுகிறார். பெர்னடீன் திரும்பிப் பார்க்கிறாள், புரிந்துகொள்கிறாள், கண் கலங்குகிறாள். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, நனைந்துகொண்டே பொறுத்துக்கொள்ளும் முகத்தை இரண்டு தடவை செய்தும் பார்த்தார். இரண்டாவது நன்றாக வந்தது.

சனிக்கிழமை டெல்மர் வந்து கூரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லக் கிடைக்காமல் முன்னால் கிளம்பிப் போனார். பெர்னடீன் வலது பக்கம் ஏறி, மேலே ஒருமுறை தொட்டுப் பார்த்து, "ஆல்வின் பக்கம்தானே?" என்றார். "ஆல்வின் பக்கம்தான்," என்றார் நார்பர்ட். வெயிலில் கூரையை மடக்கிப் போட்டுக்கொண்டு வடக்கே போனார்கள். பெர்னடீன் பாடிக்கொண்டு வந்தார். இத்தனை வருடத்தில் அவர் இப்படிப் பாடி நார்பர்ட் கேட்டதில்லை.

பாலத்துக்கு முன்னால் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். ஏரிக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கூரையை ஏற்றிப் பூட்டினார்கள். நார்பர்ட் தன் முகத்தைத் தயார்செய்துகொண்டு இடது கதவுக்கு வந்தால், அங்கே பெர்னடீன் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"சாவி."

"எதுக்கு?"

"பாலத்துல நான் ஓட்டுறேன்."

"மழை வருது பெர்னி."

"வரட்டும். என் வண்டி, நான் சம்பாதிச்சது. என்னைக்காவது ஒருநாள் நானே ஓட்டணும்னு இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து வந்தேன். இன்னைக்குத்தான் அந்த நாள்."

"அதில்ல... அந்தப் பக்கம் வேணாம். இடது பக்கம் அவ்ளோ நல்லா இல்ல."

பெர்னடீன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாலேருந்து உன் கை வேலையைப் பத்தி நீ பீத்திக்கறதைக் கேட்டுகிட்டு வர்றேன், அது பூரா இடது பக்கம்தான்னு ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சுது. இன்னைக்கு எனக்குன்னு வந்ததும் அது நல்லா இல்லாம போச்சா? குடு சாவியை."

நியாயமான கேள்வி. நார்பர்ட் சாவியைக் கொடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக அந்த வண்டியின் வலது பக்கம் ஏறினார்.

பாலத்தின் நடுவில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. பாலத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு ஏரிகளும் ஒன்றாக எழுந்து வந்ததுபோல் இருந்தது. காற்றில் பாலம் ஆடியது, சக்கரத்துக்கு அடியில் பாலத்தின் இரும்பு வலைத் தளம் உறுமியது. பெர்னடீன் அசையவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, கன்னம் சிவக்க, சின்னப் பெண்போல் ஓட்டினார். வலது பக்கம் காய்ந்த சீட்டில், காய்ந்த சட்டையோடு நார்பர்ட் உட்கார்ந்திருந்தார். தயார்செய்து வைத்த முகத்துக்கு வேலை இல்லை.

முதல் சொட்டு பெர்னடீனின் இடது தோளில் விழுந்தது. அடுத்தது காதில். அப்புறம் வரிசையாக விழுந்தன.

"நார்பர்ட்," என்றார் பெர்னடீன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது இடது பக்கம்தானே?"

இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? தக்காளி முதற்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். துணி குறைந்ததையும், ஆல்வின் எந்தப் பக்கம் என்று கேட்டதையும், தான் இடது என்று சொன்னதையும் சொன்னார். "நான்தானே ஓட்டுவேன்னு நினைச்சேன்," என்று முடித்தார்.

பெர்னடீன் சிரிக்க ஆரம்பித்தார். வண்டியே குலுங்கும்படி சிரித்தார். "எனக்காக இந்தப் பக்கம் ஓட்டை வச்சியா?"

"ஆமா."

"நான் எந்தப் பக்கம் உக்காந்தாலும் தேடி வந்து மழையைக் கொண்டாந்து சேர்த்துடறியே! வேற யாருக்கு வரும் இந்தக் கை வேலை?"

சொட்டு நின்றபாடில்லை. அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே ஓட்டினார். பாலத்தில் நிறுத்த முடியாது. நார்பர்ட் நீள சீட்டில் வழுக்கி நகர்ந்து மனைவியின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். இடது கையை அவர் தோளைச் சுற்றிப் போட்டு, உள்ளங்கையைக் குழித்து, காதுக்கு மேலே சொட்டு விழும் இடத்தில் ஏந்தினார். தண்ணீர் உள்ளங்கையில் விழுந்து, மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் ஓடி, முழங்கையில் தேங்கி, விலாவில் இறங்கியது. ஜில்லென்று இருந்தது. கடைசியில் அவர் ஆசைப்பட்டபடியே நனைந்தார், யாரும் பார்க்காத பக்கமாக. பாலத்தின் கடைசியில் சுங்கக் கட்டணம் வாங்கிய பெண், ஒட்டி உட்கார்ந்திருந்த இரண்டு கிழடுகளையும் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போகச் சொன்னாள்.

காட்டுப்பாதை வந்தது. பெர்னடீன் மறுபடி பாட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

"மழை எப்பவோ விட்டுடுச்சு, நார்ப்."

"தெரியும்," என்றார் நார்பர்ட். கை தோளிலிருந்து விரல் வரை மரத்துப்போய், எடுக்க நினைத்தாலும் வரவில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.